காக்கிக்கே ரெட் கார்டு!

விசில் உங்க கையில். பெனால்டி ஏரியாவுக்குள் குப்புற விழுந்து கிடப்பவர், ஒரு தீயணைப்பு வீரர். விழ வைத்தவர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நாளைக்குக் காலையில் ஒரகடம் ஜங்ஷனில் உங்க பைக்கைக் கை காட்டி ஓரங்கட்டப்போவதும் அதே சப்-இன்ஸ்பெக்டர்தான். ஹெல்மெட் இருக்கு, லைசென்ஸ் இருக்கு... இன்ஷூரன்ஸ்? அது போன மாசமே முடிஞ்சுபோச்சு. இப்ப சொல்லுங்க பாஸ், பெனால்டி கொடுப்பீங்களா, மாட்டீங்களா?

'கொடுத்துத்தானே ஆகணும், ரூல்ஸ்னா ரூல்ஸ்'னு கேன்டீன்ல உட்கார்ந்து டயலாக் விடுவது ஈஸி. மைதானத்தில், வெயிலில், 22 ஜோடிக் கண்கள் நம்மையே முறைக்கும்போது தொண்டையில் ஒரு உருண்டை ஏறும் பாருங்க... அது வேற கதை!

போலீஸ், ஃபயர் சர்வீஸ், ஆம்புலன்ஸ் என்று நம் உயிரைக் காப்பாற்றும் வேலையில் இருப்பவர்கள், நல்ல காரியத்துக்காக நிதி திரட்ட ரெண்டு டீமாகப் பிரிந்து ஆடும் ஃபுட்பால் மேட்ச்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் கோல் அடித்தவரைப் பற்றி இல்லை. நடுவில் நின்று விசில் ஊதுகிற அந்த அப்பாவி ஜீவனைப் பற்றி!

யாருக்கு எதிரா யாரு?

அமெரிக்காவில் இதற்கு ஒரு லீக்கே இருக்கிறது. 'நேஷனல் பப்ளிக் சேஃப்டி ஃபுட்பால் லீக்'. 1990-களின் பின்பாதியில் ஆரம்பித்தது. போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் டீம் டீமாக ஆடி, வருகிற காசை அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால், அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதுகிற சமாசாரம். தப்பு செய்தால் நடுவர் கார்டு காட்ட மாட்டார், மஞ்சள் துணியைத் தூக்கி வீசுவார். நியூயார்க் நகரத்தில் போலீஸ் டீமும் ஃபயர் டீமும் 1970-களில் இருந்தே மோதி வருகிறார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அந்த நகரத்தின் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அவர்களில் அந்த ஃபுட்பால் டீமைச் சேர்ந்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகும் அந்த டீம் மைதானத்துக்கு வந்தது. அப்படி ஒரு மேட்ச்சில் விசிலை வாயில் வைப்பவருக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

நம்ம நாட்டில் போலீஸும் ஃபுட்பாலும் மாமன் மச்சான் மாதிரி. 1984-ல் உருவான கேரளா போலீஸ் டீம் 1990, 1991 என்று அடுத்தடுத்து ரெண்டு வருஷம் ஃபெடரேஷன் கப்பைத் தூக்கியது. மைதானத்தில் சோடா விற்ற பையனாக இருந்து இந்திய அணிக்கே கேப்டன் ஆன ஐ.எம்.விஜயனை வளர்த்துவிட்டது அந்த டீம்தான். மாநில போலீஸ் அணிகளுக்குள் பி.என்.மல்லிக் நினைவு அகில இந்திய போலீஸ் கால்பந்துப் போட்டி தனியாக நடக்கிறது. ஸோ, 'போலீஸுக்கு ஃபுட்பால் வராது, தொப்பைதான் வரும்' என்கிற ஜோக்கை இத்தோடு வாபஸ் வாங்கிக்கொள்ளவும்!

ஒரகடம்... ஏன் ஒரகடம்?

வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும், சிங்கபெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். ஒரு காலத்தில் ஏரி, வயல், பனைமரம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிசானும் கூட்டாகத் தொழிற்சாலை திறந்தார்கள். அதே காலத்தில் அப்போலோ டயர்ஸ், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என வரிசை கட்டின. எங்களை மாதிரி மெக்கானிக்கல் பசங்களுக்கு இந்த ரோடு கோயில் பிராகாரம் மாதிரி. நாலு வருஷம் சுற்றிச் சுற்றி வந்தால் எங்கேயாவது ஒரு கேட் திறக்காதா என்று ஒரு நப்பாசை!

இந்த ரோட்டில் நடு ராத்திரியும் பகல்தான். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் சாரைப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். கன்டெய்னர் லாரி, புது கார்களை அடுக்கிய ட்ரெய்லர், ரெண்டுக்கும் இடையில் தூக்கக் கலக்கத்தோடு டூ-வீலரில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் அந்த இடத்துக்கு முதலில் வருவது யார்? 108 ஆம்புலன்ஸ் (தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது). கூடவே போலீஸ். வண்டி நசுங்கி ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால், தீயணைப்பு மீட்புப் பணிக்காரர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு நசுங்கிய கேபினைப் பிரித்தெடுக்கும்போது ஒருத்தர் டார்ச் பிடிப்பார், ஒருத்தர் இரும்பை வெட்டுவார், ஒருத்தர் ட்ராஃபிக்கைத் திருப்பிவிடுவார். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதே பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான். ரெண்டு டீமாகப் பிரிந்து, சிரித்துக்கொண்டே ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிவிட ஒரு சாயங்காலம் கிடைத்தால், அதைவிட வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

காரணத்துக்கும் பஞ்சமில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் பணியில் இருந்த போலீஸார் பலர். ஏப்ரல் 14 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுமாக நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' கப்பல் வெடித்து, அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனார்கள். அக்டோபர் 21 போலீஸாரின் நினைவு நாள். 1959-ல் லடாக் ஹாட் ஸ்பிரிங்ஸில் 10 பேர் உயிர் விட்ட நாள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அந்த வாரம் கம்பெனிகளில் ஸ்லோகன் போட்டி, ஓவியப் போட்டி எல்லாம் தூள் பறக்கும். கம்பெனிகளின் சொந்த ஃபயர் டீமையும் செக்யூரிட்டி அண்ணன்களையும் சேர்த்தால், இந்த ஒரு காரிடாரிலேயே எத்தனை அணிகள் தேறும்! ஸ்லோகன் போட்டிக்குப் பதிலாக ஒரு ஃபுட்பால் மேட்ச் வைக்கலாம் என்பது அடியேனின் தாழ்மையான கருத்து. (ஸ்லோகன் போட்டியில் நான் ஜெயித்ததே இல்லை என்பது வேறு விஷயம்!)

உங்க பொருளைத்தான் உங்களுக்கே காட்டுறோம்!

போலீஸ் டீமுக்கு எதிராக விசில் ஊதவும் கார்டு காட்டவும் தயங்குகிற தம்பிகளுக்கு ஒரு ஹிஸ்டரி டானிக்.

விசில்! லண்டன் மாநகர போலீஸார் முன்பு ஆபத்து என்றால் மரக் கிலுகிலுப்பையைச் சுற்றிச் சத்தம் எழுப்புவார்கள். 1880-களின் ஆரம்பத்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் ஹட்சன் என்பவர் செய்துகொடுத்த விசில்தான் அந்தக் கிலுகிலுப்பைக்கு ஓய்வு கொடுத்தது. அதே ஹட்சன் 1884-ல் உள்ளே ஒரு சின்ன உருண்டையைப் போட்டு 'ஆக்மி தண்டரர்' என்ற விசிலைக் கொண்டுவந்தார். அதுதான் உலகம் முழுக்க நடுவர்கள் கழுத்தில் தொங்கியது. ஈரத்தில் அந்த உருண்டை சிக்கிக்கொண்டு காலை வாரிவிடும் என்பதால், ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடாவின் கூடைப்பந்து நடுவர் உருண்டையே இல்லாத 'ஃபாக்ஸ் 40'-ஐ 1987-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எங்க ஊர் புழுதியில் அதுதான் பெஸ்ட். மண் புகுந்தாலும் சத்தம் மாறாது.

அடுத்து கார்டு! 1966 உலகக் கோப்பை காலிறுதி. இங்கிலாந்து - அர்ஜென்டினா. ஜெர்மனி நடுவர் ருடால்ஃப் க்ரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ரட்டினை வெளியே போகச் சொல்கிறார். அவருக்கு பாஷை புரியவில்லை, போக மறுக்கிறார். ஒரே ரகளை! நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் அன்றைக்கு காரில் திரும்பும்போது ட்ராஃபிக் சிக்னலில் நிற்கிறார். மஞ்சள்... 'பார்த்து'. சிவப்பு... 'நில்'. பளிச்சென்று பல்பு எரிந்தது. 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் அறிமுகமாயின. முதல் மேட்ச்சிலேயே சோவியத் ஆட்டக்காரர்கள் மஞ்சள் வாங்கினார்கள். வாங்கியவர்களில் ஒருவரின் பெயரைக் கேட்டால் சிரிப்பீங்க... காகி அசாதியானி! சிவப்பைப் பார்க்க உலகக் கோப்பை 1974 வரை காத்திருந்தது. சிலியின் கார்லோஸ் காஸ்லி அந்தப் பெருமையைத் தட்டிச் சென்றார்.

இதே கென் ஆஸ்டன்தான் 1962-ல் 'சான்டியாகோ யுத்தம்' என்று பெயரெடுத்த சிலி - இத்தாலி மேட்ச்சுக்கும் நடுவர். வெளியே போகச் சொல்லியும் போகாத ஃபெர்ரினி என்ற இத்தாலி வீரரை போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது. நம்ம மேட்ச்சில் பிரச்னையே இதுதான். ஆடுவதே போலீஸ் என்றால், இழுத்துக்கொண்டு போக யாரைக் கூப்பிடுவது?

ஆக, விசில் போலீஸ் வீட்டுச் சொத்து. கார்டு ட்ராஃபிக் சிக்னலின் தம்பி. அவர்களின் பொருளை அவர்களுக்கே காட்டுகிறோம், அவ்வளவுதான்!

இன்னொரு கெத்தான தகவல். 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் நடுவர் ஹோவர்ட் வெப், இங்கிலாந்தின் சவுத் யார்க்‌ஷயர் போலீஸில் சார்ஜன்ட்டாக இருந்தவர். அந்த ஒரே மேட்ச்சில் 14 முறை மஞ்சளை எடுத்தார். ஒரு ரெட்டும் உண்டு.

'தம்பி, எந்தக் காலேஜ் நீ?'

சொந்தக் கதை ஒன்று. சில மாதங்களுக்கு முன் இந்த ரோட்டுப் பக்கம் நடந்த ஒரு மேட்ச்சில் நான் லைன்ஸ்மேன். ஒரு பக்கம் காக்கி, இன்னொரு பக்கம் தீயணைப்பு. எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். வேலையில் இருக்கும்போது இறந்துபோன ஒருத்தரின் மகள் படிப்புச் செலவுக்காக வைத்த மேட்ச். நடுவர், ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிற அண்ணன். வாரம் முழுக்க ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை விசில்!

முதல் பாதி. காக்கி டீம் ஒரு கோல் போடுகிறது. கூட்டம் குதிக்கிறது. நான் கொடியைத் தூக்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறேன். ஆஃப்சைட். கோல் போட்டவர் ஓடி வந்து என் எதிரில் நின்றார். மீசை, மூச்சு, முறைப்பு.

"தம்பி, எந்தக் காலேஜ் நீ?"

சத்தியமாக, ஸ்கோர் என்ன என்பதே அந்த நொடியில் எனக்கு மறந்துபோனது. அதற்குள் அண்ணன் வந்துவிட்டார்.

"விசாரணையை ஹாஃப் டைம்ல வெச்சுக்கலாம் சார். இப்ப ஃப்ரீ கிக்."

மீசைக்காரரே சிரித்துவிட்டார். ஹாஃப் டைமில் எனக்கு மோர் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். காலேஜ் பேரையும் மறக்காமல் கேட்டுக்கொண்டார்!

அண்ணன் செய்ததில் ஒரு டெக்னிக் இருக்கிறது. குரலை உயர்த்தவில்லை. 'சார்' என்பதை விடவில்லை. முடிவையும் மாற்றவில்லை. கால்பந்து விதி எண் 5 சொல்வதும் இதைத்தான். ஆட்டத்தின் சம்பவங்களில் நடுவர் முடிவே இறுதி. அதில் எதிரில் நிற்பவர் என்ன ரேங்க் என்று ஒரு வரியும் இல்லை.

மேட்ச்சுக்கு முன்னாடியே பாதி மேட்ச்!

இந்த மாதிரி ஆட்டத்தில் நடுவரின் நிஜ வேலை டாஸுக்கு முன்னாடியே ஆரம்பித்துவிடும். 45 - 45 நிமிஷம் என்று வீம்பு பிடிக்கக் கூடாது. ராத்திரி பாரா முடித்துவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர். ரெண்டு கேப்டனும் சம்மதித்தால் நேரத்தைக் குறைக்கலாம், அதை ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். எத்தனை மாற்று ஆட்டக்காரர்கள் என்பதையும் அப்போதே பேசி நடுவருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆளுக்கு 6 என்பதுதான் விதி. வெயிலுக்கு 90 நொடி முதல் 3 நிமிஷம் வரை கூலிங் பிரேக் கொடுக்கலாம். ஏப்ரல் மாதம் ஒரகடத்தில் மேட்ச் வைத்துவிட்டு அதைக் கொடுக்காதவர் நடுவரே இல்லை, வில்லன்!

அடுத்தது நகைக் கடை. மோதிரம், செயின், செம்புக் காப்பு எதுவும் கூடாது. மேலே டேப் சுற்றிக்கொண்டு சமாளிப்பதும் விதிப்படி கிடையாது. 'இது சபரிமலைல போட்டது தம்பி', 'இது கழட்டவே வராது தம்பி' என்றெல்லாம் வரும். பந்தயத்தில் மோதிர விரல் வலையில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு முறை அமைதியாகச் சொல்லிப் பாருங்க. தீயணைப்புக்காரர்கள் முதலில் கழற்றுவார்கள். விரலில் இறுகிப்போன மோதிரத்தை வெட்டி எடுக்கச் சொல்லி மக்கள் ஓடுவதே அவர்களிடம்தானே! முழங்காலுக்குக் கீழே ஷின் கார்டு கட்டாயம். இதில் மட்டும் நோ காம்ப்ரமைஸ். இங்கே ஒருத்தருக்குக் காலில் அடிபட்டால் அது ஒரு ஆட்டக்காரர் குறைவது மட்டும் இல்லை. மறுநாள் ஸ்டேஷனில் ஏணி ஏற ஒரு ஆள் குறையும்.

அதனால்தான் ஃபவுலைத் தரம் பிரிப்பது இங்கே ரொம்ப முக்கியம். விதி எண் 12-ஐ நம்ம பாஷையில் சொன்னால் இப்படி: கவனமில்லாமல் இடித்தால் ஃப்ரீ கிக் மட்டும், கார்டு வேண்டாம். எதிராளிக்கு என்ன ஆகும் என்றே யோசிக்காமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மேல் பலத்தைக் காட்டி, அடிபடுகிற மாதிரி இறங்கினால் சிவப்பு. அமெச்சூர் மேட்ச்சில் முதல் வகைதான் அதிகம் வரும். பத்து வருஷம் கழித்துப் பந்தைத் தொடுகிறவருக்கு மூளை ஒரு இடத்துக்குப் போகச் சொல்லும், உடம்பு ரெண்டு செகண்ட் லேட்டாகப் போய்ச் சேரும். அதற்கெல்லாம் கார்டு எடுத்தால் அரை மணியில் மைதானம் காலி. ஆனால், 'சாரிட்டி மேட்ச்தானே' என்று மூன்றாவது வகையையும் விட்டுவிடுகிற நடுவர்தான் ஆபத்தானவர். நிதி திரட்ட வந்த இடத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிதி திரட்ட வேண்டி வந்துவிடும்.

கார்டுக்கும் சும்மா விடுவதற்கும் நடுவில் ஒரு அருமையான வழி இருக்கிறது. அடிமட்ட அளவிலான ஆட்டங்களில், கால்பந்து சங்கத்தின் அனுமதியோடு, மஞ்சள் வாங்கியவரைச் சில நிமிஷங்கள் வெளியே உட்கார வைக்கலாம். மொத்த நேரத்தில் 10 முதல் 15 சதவிகிதம். 60 நிமிஷ மேட்ச் என்றால் 6 முதல் 9 நிமிஷம். கிட்டத்தட்ட லாக்கப் மாதிரி. காக்கி டீமுக்கு இந்தக் கான்செப்ட் உடனே புரியும்!

நடுவரைச் சுற்றி வளைத்துக் கத்துவதைத் தடுக்க, 'கேப்டன் மட்டும்தான் வந்து பேசலாம்' என்ற முறை 2024 யூரோ கோப்பையில் பிரபலமானது. சீருடைக்காரர்கள் மேட்ச்சுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது இது. மேலதிகாரி மூலமாகத்தான் மனு போகணும் என்பது அவர்களுக்குப் புதுசா என்ன? ஆனால், ஒரு சிக்கல். டி.எஸ்.பி. லெஃப்ட் விங்கில் ஆடுவார், கான்ஸ்டபிள் கேப்டனாக இருப்பார். அப்போது டி.எஸ்.பி. சந்தேகம் கேட்க வேண்டும் என்றால் கான்ஸ்டபிளிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். இதைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்கலாம்!

அந்த ஏழாவது ஆள்

நான் கொடி பிடித்த மேட்ச்சுக்கே வருகிறேன். ரெண்டாவது பாதி. தீயணைப்பு டீம் ஒரு கோல் முன்னிலை. அவர்களிடம் மாற்று ஆள் தீர்ந்துபோய், ஒருத்தர் கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்துவிட, 10 பேரோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் அவர்களின் வண்டி, டிரைவரோடு தயாராக நின்றிருந்தது. போன் அடித்தது. எங்கேயோ ஒரு பழைய பேப்பர் குடோனில் தீ. டியூட்டியில் இருந்த நாலு பேர் பூட்ஸோடு அப்படியே ஓடினார்கள்.

அண்ணன் விசில் ஊதிவிட்டு மிச்சம் இருப்பவர்களை எண்ணினார். ஆறு. ஒரு டீமில் 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடரக் கூடாது என்பது விதி எண் 3. கூட்டத்தில் இருந்து 'ஆடட்டும், விடுங்க சார்' என்று குரல். முன்னிலையில் இருந்த டீம்தான் ஆள் இல்லாமல் நிற்கிறது, தோற்றுக்கொண்டிருந்தது போலீஸ். இப்போது என்ன பஞ்சாயத்து வெடிக்கப்போகிறதோ என்று நான் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் போலீஸ் டீமில் நாலைந்து பேரைக் காணவில்லை. ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். ட்ரவுசரும் ஜெர்ஸியுமாக, ரெண்டு பக்கமும் லாரிகளைக் கை காட்டி நிறுத்தி, தீயணைப்பு வண்டி வெளியே வர வழி போட்டுக்கொண்டிருந்தார் நம்ம மீசைக்காரர். ஜெர்ஸி போட்ட ஆளுக்கெல்லாம் நிற்க முடியாது என்று ஹாரன் அடித்த ஒரு கன்டெய்னர் டிரைவர், அந்த முறைப்பைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார். அந்த முறைப்பின் பவர் எனக்கு ஏற்கெனவே தெரியும்!

அண்ணன் தன் பேப்பரில் நேரத்தைக் குறித்து, 'ஆட்டம் கைவிடப்பட்டது, ஆட்கள் போதவில்லை' என்று எழுதினார். ஸ்கோர் 2 - 1. யார் ஜெயித்தது என்று அவர் எழுதவில்லை. 'அதை முடிவு பண்றது நடத்துறவங்க வேலை தம்பி, நாம நடந்ததை மட்டும்தான் எழுதணும்' என்றார். கோப்பை ரெண்டு மாதம் ஒரு ஸ்டேஷனில், ரெண்டு மாதம் இன்னொரு ஸ்டேஷனில் என்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

காசு விஷயம் கறார் விஷயம்

'சாரிட்டி மேட்ச்' என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்ம ஊரில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். அந்தச் சந்தேகம் நியாயமானது என்பேன். அதிலும் காக்கிச்சட்டை டிக்கெட் புத்தகத்தை நீட்டினால் கடைக்காரர் எப்படி மறுப்பார்? அதனால் டிக்கெட் விற்கிற வேலையை ஆடுகிறவர்களிடம் கொடுக்கவே கூடாது. காலேஜ் பசங்களிடம் கொடுக்கலாம். நாங்கள் கேட்டால் கடைக்காரர் தாராளமாகத் திட்டி அனுப்புவார், யாருக்கும் நெருக்கடி இல்லை! அன்றைக்கே வசூலை எண்ணி, மைக்கில் தொகையைச் சொல்லி, யாருக்காக வைத்த மேட்ச்சோ அவர்களின் பெயருக்கே போய்ச் சேருகிற மாதிரி வங்கியில் கட்டிவிட வேண்டும்.

காசே வேண்டாம், ரத்தம் கொடுங்கள் என்றும் வைக்கலாம். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் ஆட்டக்காரர்களின் மோதல் கேலரிக்குப் பரவி, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாக அந்த நாளில் அங்கே ரத்ததான முகாம் நடத்துவது வழக்கம். மைதானத்துக்குள் கட்டுப்பாடு போனால் கேலரியில் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு சாயங்காலம் போதும்.

விசில் வேணுமா?

உலகக் கோப்பையில் இதுவரை இந்திய அணி ஆடியதில்லை. ஆனால், ஒரு தமிழர் அங்கே கொடி பிடித்திருக்கிறார்! சென்னையின் கோமளீஸ்வரன் சங்கர், 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவர். திண்டுக்கல்லின் ரூபா தேவி, தமிழ்நாட்டில் இருந்து ஃபிஃபா நடுவர் ஆன முதல் பெண். எனவே, 'நமக்கு ஆடத் தெரியாது, அதனால மைதானத்துல இடமில்லை'னு ஹாஸ்டலில் படுத்துக் கிடக்கிற நண்பர்களே... எழுந்திருங்க!

கால்பந்துச் சங்கங்கள் நடத்துகிற நடுவர் தேர்வில் விதிகள் பற்றி எழுத வேண்டும், ஓடிக் காட்ட வேண்டும். எங்க செமஸ்டர் பேப்பரோடு ஒப்பிட்டால் விதிகள் மொத்தமே 17தான், தெர்மோடைனமிக்ஸைவிட ஆயிரம் மடங்கு ஈஸி. விதிப் புத்தகம் இணையத்தில் இலவசம். ஓடுவதுதான் கஷ்டம். பெரிய மேட்ச்களில் நடுவர் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். மைதானத்தின் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓடி, ரெண்டு லைன்ஸ்மேன்களையும் எதிரெதிர் பக்கத்தில் நிறுத்துகிற முறையைப் பரப்பியவர் ஸ்டான்லி ரூஸ். பின்னாளில் ஃபிஃபா தலைவரானார். அந்தக் குறுக்குக் கோட்டில் ஓடிப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செலவு என்று பார்த்தால் ஒரு ஃபாக்ஸ் 40, ரெண்டு கார்டு, ரெண்டு பேனா, ஒரு வாட்ச். இன்னொரு வாட்ச் இருந்தால் நல்லது, ஒன்று எப்படியும் நின்றுவிடும். கூடவே, வண்டி இன்ஷூரன்ஸையும் புதுப்பிச்சு வெச்சுக்கங்க பாஸ்!